தெல்ஃபோர் நிறுத்திய மாத்திரை

தெல்ஃபோரின் இடது கை நீலமாக இருக்கும். வலது கை எங்கள் எல்லோரையும் போல மாநிறம். அவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். எங்கள் நாட்டு வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம், அதனால் இடது கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டுதான் ஓட்டுவான். எங்கள் சந்தியாகோ மாகாணத்து வெயில் முழுக்க அந்தக் கையில்தான் விழும். முகத்திலும் அதே நிறம்தான், பழைய ஈயப் பாத்திரத்தின் நிறம். ஊரில் அவனுக்கு 'ஈயம்' என்றே பேராகிவிட்டது. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவனும் கை தூக்கிவிட்டுப் போவான்.

அந்த நிறம் நான் கொடுத்த மாத்திரையால் வந்தது. லாஸ் டுஸ்காஸ் மருத்துவ நிலையத்தின் மருந்து ஜன்னலில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன் நான். என் பேர் நிகாசியோ. தெல்ஃபோரும் நானும் பக்கத்துப் பக்கத்து மண் வீட்டில் பிறந்தோம். சுவர் வெடிப்பில் குடியிருந்த விஞ்சுகாப் பூச்சிகள் தூங்கும்போது எங்கள் இருவர் முகத்திலும் ஊர்ந்து ரத்தம் குடித்தன. பதினெட்டு வயதில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ரத்தம் சோதித்தார்கள். இரண்டு பேருக்கும் அந்தப் பூச்சி பரப்பும் சாகஸ் நோய் இருக்கிறது, சேவைக்கு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தப்பித்தோம் என்று அன்றைக்கு ஒரு குடுவை ஒயின் வாங்கிக் குடித்துக் கொண்டாடினோம். அந்தக் கிருமி பத்துப் பேர் உடம்பில் இருந்தால் மூன்று பேருக்குத்தான் நெஞ்சைத் தின்னும். அது அவனைப் பிடித்தது, என்னை விட்டுவிட்டது. ஏனென்று எந்த டாக்டருக்கும் தெரியாது.

அவனுக்கு ஐம்பத்து மூன்று வயதிருக்கும்போது லாரிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தான். டாக்டர் லஸ்கானோ அம்மா இதயத்தின் துடிப்பை வரைந்து பார்த்துவிட்டு, துடிப்பை ஒழுங்காக்கும் அமியோடரோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் சில வாரம் ஒரு நாளைக்கு மூன்று, பிறகு ஒன்று.

இரண்டாவது வாரமே தெல்ஃபோர் ஜன்னலுக்கு வந்து நின்றான். "டேய், இது மருந்தா சுண்ணாம்பா? பத்து நாளா முழுங்கறேன். நெஞ்சு இன்னும் குதிரை மாதிரிதான் தாவுது."

டாக்டர் அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்தார். "இது போட்டதும் வேலை செய்யற மருந்து இல்ல தெல்ஃபோர். உடம்புக்குள்ள போனதும் முதல்ல கொழுப்பு அதுக்கு வேண்டியதை எடுத்துக்கும். அப்புறம் ஈரல், நுரையீரல். அதுங்க வயிறு ரொம்பின பிறகுதான் இதயத்துக்கு நிலையா கிடைக்கும். பல வாரம் ஆகும்."

"எங்க வீட்டுப் பந்தி மாதிரின்னு சொல்லுங்க. மச்சான் மச்சினியெல்லாம் தின்னு எழுந்த பிறகுதான் எனக்கு."

"அதேதான். இன்னொண்ணு. வெறும் வயித்துல போடாதீங்க, பாதிக்கு மேல வீணாப் போயிடும். கொழுப்புச் சாப்பாட்டோட போடுங்க, அப்பதான் குடல் இழுக்கும்."

அன்றிலிருந்து அவன் மனைவி சுல்மா தினமும் காலையில் சிப்பாகோ சுட்டாள். பன்றிக் கொழுப்புத் துண்டுகள் போட்ட ரொட்டி அது. சூடாக ஒன்றைத் தட்டில் வைத்து, அதன் மேல் மாத்திரையை வைத்துத்தான் கொடுப்பாள். கொல்லையில் ஒரு பம்ப்ளிமாஸ் மரம் இருந்தது. அந்தச் சாறு குடலில் மருந்து உடைவதைத் தடுத்துவிடும், அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் அம்மா சொன்னார். சுல்மா பழம் முழுவதையும் பறித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவாள், வீட்டில் ஒன்றுகூடத் தங்காது.

நெஞ்சு அடங்கியது. நான்கு வருஷம் ஒருமுறைகூட அவன் விழவில்லை. ஆனால் மருந்து அதற்கு விலை கேட்டது. எப்போதும் ஒரு சோர்வு. சாயங்காலத்தில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி நீல வளையம் தெரிகிறது என்று இருட்டினால் வண்டி எடுக்க மாட்டான். அப்புறம் அந்த நிறம், மருந்து ஊறிய தோலில் வெயில் பட்டுப் பட்டு வந்தது. தொப்பி போடு, களிம்பு பூசு, கையை உள்ளே வை என்று நான் சொல்லாத நாளில்லை. "நாற்பத்தஞ்சு டிகிரியில கையை உள்ள வச்சா லாரியே என்னை வேக வச்சிரும்டா" என்பான்.

அவர்களுக்கு ஒரே மகள், யானினா. நான் அவளுக்கு ஞானத்தகப்பன். துகுமானில் ஆசிரியப் பயிற்சி முடித்து, அங்கேயே ஒரு பையனைப் பிடித்துவிட்டாள். டிசம்பரில் எங்கள் ஊர்க் கோயிலிலேயே கல்யாணம் என்று முடிவானது.

அந்த வருஷம் ஜூலையில் நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. மருந்து வண்டி பதினோரு நாள் வரவில்லை. தெல்ஃபோரிடம் கடைசி மாத்திரையும் தீர்ந்துவிட்டது. சுல்மா கலங்கிப்போய் அவனையும் இழுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு இவருக்கு என்ன கொடுக்கறது?"

"பயப்படாதம்மா" என்றேன். "நாலு வருஷமா போட்டது உடம்புல சேர்ந்திருக்கு. ஈரல் அதை மெல்ல மெல்லத்தான் உடைச்சு வெளிய தள்ளும். நிறுத்தி ரெண்டு மாசம் ஆனாலும் பாதி உள்ளயே கிடக்கும். பத்து நாள்ல ஒண்ணும் ஆகாது."

பொய்யில்லை. புத்தகத்தில் இருப்பதுதான். பெரும்பாலானவர்களுக்கு அப்படி. ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு ஒரே மாதத்தில் பாதி போய்விடும் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. அதை நான் சொல்லவில்லை. ஒரு பெண் அழுதுகொண்டு நிற்கும்போது முழுப் பக்கத்தையும் படித்துக் காட்ட யாருக்கும் தோன்றாது. சுல்மா சமாதானமாகி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தெல்ஃபோர் அவளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டில் நிச்சய விருந்து. அல்கரோபா மரத்தடியில் கிடாய் சுட்டார்கள். படம் பிடிக்க வந்தவன் எடுத்த படங்களைக் கேமராவிலேயே யானினாவுக்குக் காட்டினான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் ஒரு படத்தில் நின்று, "ஐயோ, அப்பா" என்று மெல்லச் சிரித்தாள். "குழியிலேர்ந்து தோண்டி எடுத்த மாதிரி இருக்காரு. கல்யாணப் படத்துல அப்பா நிறத்தைக் கொஞ்சம் சரி பண்ண முடியுமா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பா மேல் உயிராக இருந்த பெண் அவள். ஆனால் தெல்ஃபோர் கையில் இரண்டு கோப்பையோடு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான்.

"சரி பண்றதுதான் பண்றீங்க, தலைமுடியையும் மஞ்சளா ஆக்கிடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தோம். யானினா எழுந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விஷயம் அதோடு போயிற்று என்று நினைத்தேன்.

செப்டம்பர் முதல் வாரம் மாத்திரை வாங்க வந்தவன், பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே கேட்டான்: "ஏன்டா, இந்த நிறம் மருந்தாலதானே? மருந்து போனா இதுவும் போயிடுமா?"

"போகும். ஆனா நாளாகும்" என்றேன். அடுத்த ஆளின் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வருஷக்கணக்காகும், சிலருக்குப் போகவே போகாது.

அதற்குப் பிறகும் மாதா மாதம் வந்து வாங்கிக்கொண்டுதான் போனான். அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அக்டோபரில் சுல்மா என்னைக் கடைத்தெருவில் பார்த்தபோது முகமெல்லாம் மலர்ச்சி.

"இவருக்கு என்ன வந்துதுன்னே தெரியல அண்ணே. எனக்கு முந்தி எழுந்துக்கறாரு. மாத்தே டீக்குத் தண்ணி அவரே வைக்கிறாரு. முணுமுணுன்னு பாட்டு வேற. கல்யாணத்துல சக்கரேரா ஆடணுமாம், வயித்தைக் குறைக்கறேன்னு சிப்பாகோவையே தொடறதில்ல. மாத்திரையை நான் ராத்திரி சாப்பாட்டோட போட்டுக்கறேன்னுட்டாரு."

"நல்லதுதானே" என்றேன்.

உண்மையில் அவன் நன்றாகத்தான் இருந்தான். மருந்து குறையக் குறைய அந்தச் சோர்வு விலகியது. நெஞ்சைக் காக்கும் அளவுக்கு உள்ளே இன்னும் இருந்தது. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு முற்றத்தில் காலைத் தட்டி ஆடிக் காட்டினான். இடுப்புப் பட்டை இரண்டு துளை உள்ளே போயிருந்தது. இருபது வயதுத் தெல்ஃபோரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. நான் கை தட்டினேன்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் பெண் வண்டிக்காகக் காத்து நின்றோம். அவன் புது கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தான். சுல்மா அவன் முகத்தில் பவுடர் பூசியிருந்தாள். வியர்வையில் அது கோடு கோடாக இறங்கி, அடியிலிருந்து நீலம் தெரிந்தது. பக்கத்தில் நின்ற என் வண்டிக் கண்ணாடியில் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான்.

"போகலடா நிகாசியோ."

"என்ன போகல?"

"நிறம். மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. கொஞ்சம்கூடப் போகல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டேன்: "எப்ப நிறுத்தின?"

"செப்டம்பர்ல உன்கிட்ட நிறத்தைப் பத்திக் கேட்ட அன்னிக்கே. நீதானே சொன்ன, ரெண்டு மாசம் ஆனாலும் பாதி உள்ள இருக்கும்னு. பாதி இருக்கறதுக்குள்ள நிறம் கொஞ்சம் தெளிஞ்சிடும், கல்யாணம் முடிஞ்சதும் மறுபடி போட்டுக்கலாம்னு பார்த்தேன். அந்தப் பொண்ணு பக்கத்துல மனுஷ நிறத்துல நடக்கணும்னு ஆசைப்பட்டேன். வேறொண்ணும் இல்லடா."

அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு துடிப்பு, ஓர் இடைவெளி, அவசரமாக மூன்று, மறுபடி இடைவெளி. அப்போது பெண் வண்டி வந்துவிட்டது. தெல்ஃபோர் கையை உருவிக்கொண்டு போனான். யானினா இறங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தகப்பனும் மகளும் உள்ளே நடந்தார்கள்.

விருந்தில் அவன் சொன்னபடியே ஆடினான். சுல்மாவோடு ஒன்று, மகளோடு ஒன்று. நான் எழுந்து போய் நிறுத்தியிருக்க வேண்டும். எல்லோரும் வட்டமாக நின்று தாளத்துக்குக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே அவன் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் மாத்திரையைக் கொடுத்து, கண்ணெதிரே விழுங்க வைத்தேன். நல்ல கொழுப்பு ரொட்டியோடு ஒரு நாளைக்கு மூன்று. கொடுக்கும்போதே எனக்குத் தெரியும். காலியான கிடங்கு மறுபடி நிரம்ப வாரக்கணக்காகும். அவன் நினைத்த மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

திங்கள்கிழமை அவனை டாக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் துடிப்புக் காகிதத்தை நீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"இன்னிக்கே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஊசி வழியா ஏத்தி, பக்கத்துல ஆள் வச்சுப் பார்க்கணும். வீட்டுல மாத்திரை போட்டுச் சரி பண்ற நிலைமை இல்ல."

"பொண்ணு வியாழக்கிழமை துகுமானுக்குப் போறா. பஸ் ஏத்திவிட்டுட்டு வெள்ளிக்கிழமை வர்றேன் அம்மா."

"தெல்ஃபோர், நான் விளையாட்டுக்குச் சொல்லல."

"தெரியும். இப்ப நான் ஆஸ்பத்திரியில படுத்தா அந்தப் பொண்ணு கல்யாணத்தை நினைக்கறப்பல்லாம் இதைத்தான் நினைப்பா. நாலு நாள்தானே."

டாக்டர் அம்மா அரைமணி நேரம் வாதாடினார். கடைசியில், போக மறுக்கிறேன் என்ற காகிதத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தான்.

"சுல்மாகிட்ட சொல்லாதடா. அவளுக்குத் தெரிஞ்சா யானினாவுக்குத் தெரிஞ்சுடும். வெள்ளிக்கிழமை காலையில நானே சொல்றேன், உன் வண்டியிலேயே போயிடலாம்."

நான் சரி என்றேன்.

வியாழன் மதியம் பஸ் கிளம்பியது. யானினா ஜன்னலிலிருந்து கையாட்டினாள். தெல்ஃபோர் பஸ் புழுதியில் மறையும்வரை நின்று, பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டான். விதவை ஹோர்தென்சியா வீட்டுத் தொட்டி மூன்று நாளாகக் காலி, அதற்கு ஒரு லோடு போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றான். "நாளைக்கு அப்புறம் எத்தனை நாள் ஆகுமோ, பாவம், கிழவி ஆட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணும்?"

குழாயைத் தொட்டியில் மாட்டித் திறந்துவிட்டு வண்டி நிழலில் உட்கார்ந்தானாம். கிழவி மாத்தே எடுத்துக்கொண்டு வந்தபோது சாய்ந்து கிடந்தான். அவள் ஓடிவந்து ஆளைக் கூட்டுவதற்குள் தொட்டி நிரம்பி, மீதித் தண்ணீரெல்லாம் மண்ணில் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவனைச் சுற்றி ஈரம், ஆடுகள் குனிந்து குடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் சிந்தினால் எங்கள் ஊரில் யாராவது கத்துவார்கள். அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தச் சேற்றில் மண்டியிட்டு அவன் மார்பை அழுத்தினேன். டாக்டர் அம்மா வந்து என் கையைப் பிடித்து எடுக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் சுல்மா மருந்து ஜன்னலுக்கு வந்தாள். ஒரு பையைக் கவிழ்த்தாள். பிரிக்காத மாத்திரைப் பட்டைகள். அவன் சட்டைகளுக்கு அடியில் இருந்ததாம்.

"இது என்ன அண்ணே?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலையில் நான் சொன்ன வார்த்தை, கோயில் வாசல், திங்கட்கிழமைக் காகிதம். யானினா சொன்ன அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடப் பார்த்தேன். முடியவில்லை. அது இல்லாமல் எதற்கும் அர்த்தம் வரவில்லை. சுல்மா பட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"திங்கட்கிழமையே உங்களுக்குத் தெரியும்."

"சனிக்கிழமையே தெரியும்மா."

"அஞ்சு நாள்." விரல்களை விரித்துப் பார்த்தாள். "அஞ்சு நாளும் நான் அவர் பக்கத்துலதான் படுத்திருந்தேன். சொல்லியிருந்தா அவரை முதுகுல தூக்கிட்டாவது போயிருப்பேன். அவருக்கு நான் யாரு அண்ணே? உங்களுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா?"

அவள் பையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் தன் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் அனுப்பினாள்.

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்திருந்த யானினா என்னைத் தனியாகப் பிடித்தாள். "மாமா, அப்பா நல்லாத்தானே இருந்தாரு. மருந்தும் போட்டாரு. அப்புறம் எப்படி?"

"சாகஸ் அப்படித்தான்மா. மருந்து ஒரு கட்டத்துக்கு மேல பிடிக்காது."

"அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. இதே வார்த்தை."

நானும் சுல்மாவும் கலந்து பேசவில்லை. பேச்சே இல்லாமல் இருந்தோம். இருந்தும் இரண்டு பேரும் அந்தப் பெண்ணுக்கு ஒரே பொய்யைச் சொல்லியிருந்தோம்.

கல்யாணப் படங்கள் பிப்ரவரியில் வந்தன. படம் பிடித்தவன் சொன்ன வேலையைச் செய்திருந்தான். ஒவ்வொரு படத்திலும் தெல்ஃபோர் கோதுமை மாவு மாதிரி இருந்தான். யானினா துகுமானிலிருந்து எனக்குப் போன் செய்து ஒரே அழுகை. "இது யாரோ மாமா. எங்கப்பா இல்ல. உங்ககிட்ட அப்பா நிறத்துல ஒரு படம் இருக்கா?" என்னிடம் ஒன்று இருந்தது. லாரி ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டு, முன்பல் தெரியச் சிரிக்கிற படம். அனுப்பினேன்.

மே மாதம், எங்கள் நாட்டில் குளிர் தொடங்கும் காலம். ஒரு காலையில் சுல்மா தானே வந்தாள். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து ஜன்னலருகே வந்து சீட்டை நீட்டினாள். மாத்திரையை எடுத்து வைத்தேன். அவள் அதை எடுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். அவர் போனப்ப அந்த மருந்து எவ்வளவு உள்ள இருந்திருக்கும்?"

"சரியாச் சொல்ல முடியாதும்மா. மூணுல ஒரு பங்கு இருக்கலாம். உடம்பும் இளைச்சிருந்தான், குறைவாவும் இருக்கலாம்."

"அது இப்ப என்ன ஆயிருக்கும்?"

"அதை உடைச்சு வெளிய அனுப்பறது ஈரல். ஆள் உயிரோட இருந்தாத்தான் அது நடக்கும்."

"அப்ப உள்ளயேதான் இருக்கா?"

"உள்ளயேதான் இருக்கும்."

சுல்மா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "நாலு வருஷம் என் கையால கொடுத்தது" என்றாள். கண்ணைத் துடைக்கவில்லை. மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை கல்லறைக்குப் போறேன். வண்டி வேணும். வர்றீங்களா?"

"வர்றேன்மா" என்றேன்.